பொனெட்டில் பாதி எண்

எங்கள் குடும்பத்தில் அந்த ஜீப்பைப் பற்றி ஒரே கதைதான் வழங்கி வந்தது: அது ஹேர்மிஸ் கப்பலில் வந்த வண்டி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு நேரே கடலில் வைத்து ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்தான் ஹேர்மிஸ். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கப்பல் தாழ்வதற்கு முன்பே வண்டியைக் கரையில் இறக்கிவிட்டார்கள் என்பார் பெரியப்பா. இல்லை, தெப்பத்தில் கட்டி மிதக்கவிட்டார்கள் என்பார் சித்தப்பா. சாவீடானாலும் கலியாண வீடானாலும் இந்த வழக்குத் தீராது. நாற்பது வயது வரைக்கும் நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி அம்மாவின் மூத்த மாமாவுடையது. கிழக்கிலங்கையின் காரைதீவில் வீடு, சம்மாந்துறைப் பக்கம் வயல், பெரிய வயற்காரர் என்பதால் ஊரில் போடியார் என்று பெயர். 1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியபோது, எந்தத் தரப்பும் வண்டியைக் கேட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று டிஸ்ட்ரிபியூட்டரை (அது இல்லாமல் எஞ்ஜின் பிடிக்காது) கழற்றி எங்கோ ஒளித்துவைத்தார். எங்கே என்று யாருக்கும் சொல்லாமலே காலமாகிவிட்டார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து வீட்டையும், அதற்குள் இருந்த பதிவுப் புத்தகம், காணி உறுதி, படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனது. ஜீப் மட்டும் இரண்டு வளவு தள்ளி ஒரு தென்னையில் சாய்ந்து நின்றது. அந்த நாட்களில் அதை யார் பார்த்தார்கள்? பிறகு யாரோ உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துப்போய் வயல் வாடிக்குப் பக்கத்தில் விட்டார்கள். பதினெட்டு மாரி அதன் மேல் பெய்தது.

2022இல், பெற்றோல் வரிசையில் நாடே நின்ற காலத்தில்தான், பெற்றோல் குடிக்கும் வண்டியொன்றைத் திருத்தலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் மெக்கானிக் அல்ல. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவன். கைவேலை முழுவதும் கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு காக்காவுடையது (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). உழவு இயந்திரமும் நெல்லு வெட்டும் மெசினும் திருத்திப் பழகிய கை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்துவிட்டு, "மாஸ்டர், இது கடல் குடித்த இரும்பு. பெயின்ட் அடிப்பது பிறகு. முதலில் உப்பை வெளியே எடுக்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது தரைத் தகட்டைத் தூக்கியபோது தெரிந்தது. இந்த இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளின் தரைக்குக் கீழே, தொப்பியைக் கவிழ்த்தது போன்ற தகட்டுச் சட்டங்கள் ஓடும். வலுவுக்காக அவற்றுக்குள் மரத்துண்டுகளை வைத்திருப்பார்கள். அந்த மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே தின்னும். மேலே பார்த்தால் நல்ல தகடு. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அப்படியே உள்ளே போகும். எங்கள் வண்டியில் மரமும் உப்பும் சேர்ந்து பொரிவிளாங்காய் உருண்டை போலக் கட்டிக் கிடந்தன. சேஸிஸின் முன்பகுதி பெட்டியாக மூடப்பட்டிருப்பதால் அதற்குள் கடல்மணல் இறுகியிருந்தது. வயல் பம்பை வைத்து நல்ல தண்ணீரை உள்ளே அடித்தோம். ஒரு நாள் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, திரும்ப அடித்தோம். நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்காத வரைக்கும் அடிக்க வேண்டும் என்பது காக்காவின் கணக்கு. அவர் உண்மையாகவே நக்கிப் பார்த்தார். பின் சில்லுக்கு மேலிருக்கும் கருவிப் பெட்டிக்குள் ஒரு புடையன் பாம்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய வண்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நான் பாடசாலைக்குப் போயிருந்த நேரம், கராஜில் வேலை பழகும் தம்பி உற்சாகமாகக் கிரைண்டரில் கம்பிப் பிரஷைப் பூட்டி, பொனெட்டின் வலப்பக்கத்தை வெள்ளி போலத் தீட்டி வைத்திருந்தான். "பாருங்கள் மாஸ்டர், எவ்வளவு சுத்தம்!" என்றான். நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவன் துடைத்தது வண்டியின் அடையாள எண் என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே பழைய இராணுவ வண்டி ஒன்றை எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கிரைண்டரைப் பூட்டி வையுங்கள். மணல் அடிக்கும் இடத்துக்கும் அனுப்பாதீர்கள். படித்து முடித்த பிறகு துடைக்கலாம்.

படிப்பதற்கு எங்களிடம் வேறு கடதாசி இருக்கவில்லை. இரும்பைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

போர்க்கால ஜீப்பைக் கட்டியவை இரண்டு நிறுவனங்கள். வடிவம் வில்லிஸுடையது. அமெரிக்க இராணுவத்துக்கு வில்லிஸால் மட்டும் கட்டிக் கொடுத்து முடியாததால் ஃபோர்டும் அதே வண்டியைக் கட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து 1945 வரைக்கும் ஆறு இலட்சத்துக்கு மேல் கட்டினார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும். ஆனால் அண்ணன் தம்பி முகத்தில் இருக்கும் வித்தியாசம் போலச் சில இடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து சேஸிஸின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த தகரப் பீலி போலிருந்தால் ஃபோர்டு. எங்களுடையது பீலி. முன் கிரிலில் ஒன்பது துளை இருந்தால் போர்க்காலத்து வண்டி. ஏழு துளையும் பெரிய விளக்கும் இருந்தால் போருக்குப் பிறகு பொதுமக்களுக்காகக் கட்டியது. எங்களுடையது ஒன்பது.

பிறகு போல்ட்டுகளின் தலையைத் துடைத்துப் பார்த்தோம். ஃபோர்டு நிறுவனம் தன் பாகங்களிலும் போல்ட்டுகளிலும் ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்திருந்தது. ஒரு சின்ன எஃப் தெரிந்ததும் நானும் அந்தத் தம்பியும் பேன் பார்க்கிறவர்கள் போல வண்டி முழுவதும் தேடத் தொடங்கிவிட்டோம். எஃப் இருந்த போல்ட்டுகளைத் தனியே ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தோம். கொழும்பில் வண்டி உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஆயிரம் போல்ட் வாங்கலாம். இதை வாங்க முடியாது.

சேஸிஸ் எண் ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், எஞ்ஜின் தாங்கிக்குப் பக்கத்தில் அடிக்கப்பட்டிருக்கும். அங்கே துருவைத் தவிர ஒன்றும் இல்லை. கைவிளக்கை மேலிருந்து பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, இரவில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாக ஒற்றி, பித்தளைப் பிரஷால் தடவி, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தேய்த்தோம். பள்ளத்தில் வெள்ளை தங்கியது. முதலில் ஜீ, பி, டபிள்யூ. ஜீ என்றால் அரசாங்கம், பி என்றால் 80 அங்குலச் சில்லிடைத் தூரம், டபிள்யூ என்றால் வில்லிஸின் வடிவம். அதன் பின்னால் எண். அந்த எண்ணை உற்பத்தி வரிசையுடன் ஒப்பிட்டபோது 1943இன் பிற்பகுதி என்று வந்தது.

கப்பல் தாழ்ந்தது 1942 ஏப்ரலில். ஒன்றரை வருடத்துக்கு முன்பே தாழ்ந்துவிட்ட கப்பலில் எங்கள் வண்டி எப்படி வந்திருக்கும்? பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அது வேறு கப்பல்" என்றார்.

பெயின்ட்டைப் படிப்பது மரத்தின் வளையத்தைப் படிப்பது போன்றது. காசளவு இடத்தைத் தெரிவுசெய்து, மெல்லிய நீர்த்தாளை நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நிறம் மாறுகிற கணத்தில் கையை எடுத்துவிட்டு, அடுத்த வட்டத்தை அதற்குள் சின்னதாகத் தேய்க்க வேண்டும். முடிவில் மயில்தோகைக் கண் போல ஒன்று கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது இது: மேலே போடியாரின் நீலம். அதன் கீழ் சிவப்புப் பிறைமர். அதன் கீழ் மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே இரண்டு பச்சைகள். ஒன்று கறுத்த பச்சை, அடியில் இருந்தது அமெரிக்கத் தொழிற்சாலையின் மங்கிய ஒலிவ் பச்சை.

பொனெட்டின் இடப்பக்கத்தில் அப்படித் தேய்த்துக்கொண்டு போனபோது வெள்ளையாக ஒரு கோடு வந்தது. கோடு வளைந்து எழுத்தானது. எம். பிறகு மூன்று இலக்கங்கள். அதற்கு மேல் தகடு இல்லை. என்றோ ஒரு காலத்தில் உக்கிய பகுதியை வெட்டி வேறு தகடு ஒட்டியிருந்தார்கள். அதே எண் வலப்பக்கத்தில் முழுதாக இருந்திருக்கும். அதைத்தான் நாங்கள் வெள்ளி போலத் தீட்டி வைத்திருந்தோம்.

பாதி எண்ணும் வாய் திறந்தது. அமெரிக்க இராணுவம் இந்த ரக ஜீப்புகளுக்கு 20 என்று தொடங்கும் எண்ணை எழுதியது. எம் என்று தொடங்கினால் அது பிரித்தானிய இராணுவத்தின் கார் வகை. போர்க்கால உதவித் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்த வண்டி பிரித்தானியக் கைக்குப் போய், இரண்டாவது பச்சையைப் பூசிக்கொண்டிருக்கிறது. பின் தகட்டிலும் ஒரு சாட்சி கிடைத்தது. 'எச்சரிக்கை, இடப்பக்கச் செலுத்தல், சைகை இல்லை' என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் எலும்பு மட்டும் நீலத்துக்கு அடியில் தெரிந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் வண்டியில் சாரதி கையை வெளியே நீட்டினாலும் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் பிரித்தானியர்கள் இப்படி எழுதினார்கள்.

முன்பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் வெளிப்பட்டபோது எனக்கு நித்திரை போய்விட்டது. 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு 1943இல் இலங்கைக்கு வந்து, காட்டுப் போருக்குப் பயிற்சி எடுத்துவிட்டுப் பர்மாவுக்குப் போனது. அதன் சின்னம் காண்டாமிருகத் தலை. மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ தெரிகிறது. கொம்பு மாதிரியும் இருக்கிறது. ஒரு கிழமை முழுவதும் வீட்டில் காண்டாமிருகப் பேச்சுத்தான். மெதுவாகத் தேய்த்து முடித்தபோது கொம்பு ஓர் எண்ணின் வளைவாக மாறியது. பாலங்களைக் கடக்கும்போது வண்டியின் பாரத் தரத்தைக் காவலாளிக்குக் காட்டுவதற்காகப் பிரித்தானிய வண்டிகள் எல்லாவற்றிலும் எழுதிய மஞ்சள் வட்டம் அது. ஒவ்வொரு வண்டியிலும் இருப்பது. எனக்கு வந்த ஏமாற்றத்தில் அன்று தேநீர் கூடக் குடிக்கவில்லை. தான் தேடுகிறதையே கண் காட்டும் என்பதால், அன்றிலிருந்து எதைக் கண்டாலும் காக்காவைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், "இது என்ன?" என்று மட்டும் கேட்பேன். அவருக்குக் காண்டாமிருகம் தெரியாது. அதனால் அவர் கண் நல்ல கண்.

எஞ்ஜின் எண் சேஸிஸ் எண்ணோடு சேரவில்லை. எஞ்ஜின் வில்லிஸுடையது. வண்டி வாங்கி விற்கிறவர்கள் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இராணுவப் பட்டறையில் பத்து வண்டி திருத்தத்துக்கு வந்தால் பத்தையும் பிரித்து, தேறிய பாகங்களை எடுத்து எட்டாகக் கட்டி அனுப்புவார்கள். எந்த எஞ்ஜின் எந்த வண்டிக்கு வந்தது என்று யாரும் கவலைப்படவில்லை. எண் சேராமல் இருப்பதே அது உழைத்த வண்டி என்பதற்குச் சாட்சி என்று நான் நினைக்கிறேன். விற்பனைக்கு வைப்பதாக இருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பேனோ தெரியாது.

அந்த எஞ்ஜின் 2.2 லீற்றர், நான்கு சிலிண்டர், 60 குதிரைவலு. வால்வுகள் பக்கத்தில் இருப்பதால் தலை வெறும் மூடிதான், திறப்பது சுலபம். பிஸ்டன்கள் இறுகியிருந்தன. பிளக் துளைகளால் அசெற்றோனும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி மூன்று கிழமை விட்டோம். சுத்தியலால் அடிக்காமல், மூன்றாம் கியரில் போட்டுச் சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தோம். இருபத்திரண்டாம் நாள் ஒரு விரல் அளவு அசைந்தது. அதற்குப் பிறகும் அவசரப்படக்கூடாது; வால்வு இறுகியிருக்கும்போது சுற்றினால் வளைந்துவிடும்.

உயிர் போகக்கூடிய மூன்று இடங்களை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது சில்லு. இராணுவ ஜீப்பின் சில்லு இரண்டு தட்டாகப் பிளந்து போல்ட்டால் பூட்டப்பட்டது. காற்று இருக்கும்போதே அந்த நட்டுகளைக் கழற்றினால் வெளித்தட்டு பாய்ந்து வந்து முகத்தைப் பெயர்த்துவிடும். வால்வுக்குள் இருக்கும் ஊசியையே கழற்றி எடுத்து, காற்று முழுவதும் போன பிறகுதான் சாவியை வைக்க வேண்டும். இடப்பக்கச் சில்லுகளை அச்சில் பிடிக்கும் நட்டுகள் எதிர்ப்புரி என்பதையும் நினைவில் வையுங்கள். நாங்கள் அது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, இரண்டு ஸ்டட்டை முறித்தோம்.

இரண்டாவது, பெற்றோல் டாங்கி. அது சாரதியின் ஆசனத்துக்கு நேர் கீழே இருக்கிறது. இருபது வருடம் காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். ஒட்டுவதற்குப் பட்டறைக்குக் கொண்டுபோனால், வெறும் டாங்கிதானே என்று வெல்டிங் தீயை வைக்கிறவர்கள் உண்டு. காக்கா வைக்கவிடவில்லை. பலமுறை சுடுநீரால் கழுவி, ஒட்ட வேண்டிய இடம் மட்டும் மேலே தெரியும்படி தண்ணீரை நிரப்பி, தீயே இல்லாமல் சுட்ட இரும்பால் ஈயம் வைத்தார்.

மூன்றாவது பிரேக். நான்கு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். கைப்பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால் சாப்டில் பிடிக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்துவைக்குமே தவிர ஓடுகிற வண்டியை நிறுத்த அதை நம்பக்கூடாது. ஹோஸ், சிலிண்டர், வாஷர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். மின்சாரம் 6 வோல்ட் என்பதால் அதே வேலைக்கு இரட்டிப்பு ஓட்டம் போகும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளைப் போட்டு, ஸ்டார்ட்டர் சோம்பல் முறிக்கிறது என்று ஸ்டார்ட்டரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். தடித்த கேபிள் மாற்றியதும் முறைப்பாடு தீர்ந்தது.

மஞ்சள் பெயின்ட்டுக்கு வருகிறேன். அது எனக்கு நீண்ட நாள் விளங்கவில்லை. ஒரு நாள் உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கியபோது, இரண்டுக்கும் இடையில் இறுகிய சீமெந்துத் துளிகள் இருந்தன. சில துளிகள் பச்சையின் மேல் ஒட்டி, மஞ்சளால் மூடப்பட்டிருந்தன. சில துளிகள் மஞ்சளுக்கும் மேலே. அம்மாவிடம் கேட்டேன். "மாமா அதை அம்பாறையில் ஏலத்தில்தானே எடுத்தார். கல்லோயா வேலை முடிந்த நேரம்" என்றார், ஏதோ ஊரறிந்த விஷயம் போல. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்கள் எல்லாரும் கப்பலைப் பற்றித்தானே கேட்டீர்கள்" என்றார்.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலை அணையைக் கட்டியது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். இன்றைய சேனநாயக்க சமுத்திரம் அப்படி வந்தது; அம்பாறை நகரமும் அந்த வேலையோடு வளர்ந்ததுதான். எங்கள் போடியாரின் வயலுக்குப் பாயும் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது. சீமெந்துத் துளி நீதிமன்றத்தில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய இலக்கத் தகடும் அம்மாவின் பக்கம்தான் பேசுகிறது. அதில் இருப்பது சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த இரண்டெழுத்து. இலக்கத் தகடுகளில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய பதிவு.

இனி நிறம். நான் தொடக்கத்திலிருந்து ஒலிவ் பச்சையும் வெள்ளை நட்சத்திரமும் கனவு கண்டவன். பெயின்ட் மாதிரிகூடக் கலக்கி வைத்தாகிவிட்டது. ஒரு பின்னேரம் எஞ்ஜின் முதல் தடவை பிடித்துக்கொண்டது. பச்சைப் பூச்சு மாதிரி அடித்த பொனெட்டோடு, சைலன்சர் இல்லாமல், வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனேன். அம்மா வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கடைசி அறையில் கதவைச் சாத்திவிட்டு இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டாராம். முப்பது வருடம் பச்சை வண்டியின் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குள் ஓடிய ஊர் இது. எனக்கு அது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். பட்டாளத்தில் இந்த வண்டி இருந்தது மிஞ்சினால் இரண்டு மூன்று வருடம். அணைக்கட்டில் சில வருடம். போடியாரிடம் கிட்டத்தட்ட நாற்பது வருடம் விதைநெல்லும் உர மூட்டையும் வெட்டுக்காரரும் சுமந்தது. பிரசவத்துக்குப் பெண்களைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால் எந்தப் பழைய நிலைக்கு? காக்காவிடம் கேட்டபோது, "மாஸ்டர், உங்களுக்கு அந்தக் காலத்து நீலம் கலக்கத் தெரியுமா? எனக்குத் தெரியும்" என்றார்.

நீலம் அடித்தோம். பொனெட்டின் இடப்பக்கத்தில் மட்டும் எம் எழுத்தும் மூன்று இலக்கங்களும் தெரியும் இடத்தை விட்டுவைத்து, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசியிருக்கிறோம். மயில் கண் வட்டமும் அப்படியே இருக்கிறது. பின்னால் இடப்பக்கச் செலுத்தல் என்று புதிதாக எழுதினோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தின் பிரதிக்கு அலைந்தது தனிக்கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தெளிவில்லாத சேஸிஸ் எண்ணை நீங்களே அச்சடித்துத் தெளிவாக்கிவிடாதீர்கள். அதற்குப் பிறகு உண்மையான எண்ணும் கள்ள எண்ணாகிவிடும். பவுடர் பூசி எடுத்த படம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பெற்றோல் அடிக்கப் போனால் சாரதி இறங்க வேண்டும், ஆசனத்தைத் தூக்க வேண்டும், அதற்குக் கீழே மூடி. போன போகம் வெட்டு நேரம், கல்முனையில் எண்ணெய் அடிக்கும் பையன் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சேர், இது ஆமி வண்டியா?" என்று கேட்டான். நான் ஃபோர்டில் தொடங்கிப் பர்மா வரைக்கும் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து ஆசனத்தில் இருந்த அம்மா முந்திக்கொண்டார்: "இல்லை தம்பி. எங்கள் மாமாவின் வயல் வண்டி."

பின் இடதுச் சில்லில் மீண்டும் பிரேக் ஒயில் கசிகிறது. அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார் காக்கா.